வண்டிக்கு மஞ்சத் தண்ணி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சேர்வராயன் மலை உச்சிமேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்காக என் மனைவி குப்பாயியின் தலைமேல் கையை வைத்துச் சொல்லலாம் என்று போனேன். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள். கை பக்கத்திலிருந்த பலாமரத்தின் மேல் விழுந்தது. அந்த மரம் இன்றுவரை பட்டுப்போகவில்லை. நான் பொய் சொல்கிறவன் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் பெயர் சித்தன். ஊர் மஞ்சக்குட்டை. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மேற்படி பலாமரம், மேற்படி மனைவி. சேலத்தில் வேலை பார்க்கும் மகன் விஜயகுமார் போன ஐப்பசியில் ஒரு புது மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். நல்ல சிவப்பு. பொத்தானைத் தொட்டால் கிளம்பிவிடும். வேறு யாராவது தொட்டால் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு திருட்டு அலாரமும் வைத்திருந்தான்.

"இனிமே உதைக்க வேண்டாங்க. முட்டி வலின்னு போன்ல சொல்லவும் வேண்டாங்க," என்றான் பொதுவாக. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கினோம். கோழிக் குழம்பைச் சாப்பிட்டான், பஸ் ஏறிப் போய்விட்டான். சிக்கல் எங்களோடு நின்றுவிட்டது.

எங்களுக்கு இருப்பது ஒரு தகரக் கொட்டகை. அதில் காப்பி மூட்டைகள், என் கட்டில், ஒரு வண்டி, இவ்வளவுதான் கொள்ளும். அந்த ஒரு வண்டி ஏற்கெனவே அங்கே நின்றது. கறுப்பு வண்டி. விஜயகுமார் பிறப்பதற்கு முன்பே வந்தது. வெளியே நிறுத்தலாமே என்பீர்கள். எங்கள் ஊர் மூடுபனி தெரியாமல் பேசக் கூடாது. ஒரு வாரம் வெளியே நின்றால் துருப் பிடிக்கும், ஒரு மாதம் நின்றால் பாசி பிடிக்கும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் தன் ஜீப்பை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது பானெட்டின் மேல் ஆர்க்கிட் பூத்திருந்தது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஜீப்பை எடுக்க விடவில்லை.

ஆகவே குப்பாயி தீர்ப்புச் சொன்னாள்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல பழசு ரெண்டு இருக்குது. ஒண்ணு போகோணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஒன்று வண்டி. இன்னொன்று எது என்று நான் கேட்கவில்லை.

விலைக்கு ஆளும் தயாராக இருந்தான். செம்மநத்தம் லாசர். காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கும் மெஷின் வைத்திருக்கிறான். அதன் மோட்டார் புகைந்துபோயிருந்தது. பழம் பறிக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

"எஞ்சினை மட்டும் கழட்டிக்குவேனுங்கண்ணா. மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்," என்றான், கோழியின் ஈரலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை ஜீப்போடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவை போட்டது மட்டும்தான் இறங்கியது. அந்தக் கறுப்பு வண்டியைப் பிரித்துப் போடுவதா? அது சாதாரண வண்டியா? அந்த வாரம் முழுக்கக் குப்பாயியிடம் அதன் அருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவளுக்கும் தெரிந்த சங்கதிகள்தான். இருந்தாலும் கோர்ட்டில் சொல்வதில்லையா?

முதலாவது, பெட்ரோல். சேலத்துக்கு இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, நான் ஓட்ட, இருபது கொண்டை ஊசி வளைவையும் சும்மாவே உருண்டு வருவோம். உருளும் வேகத்தில் எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றும். பின்பக்கமாகச் சுற்றினால் குடித்த பெட்ரோல் திரும்ப டாங்கிக்குத்தானே போகவேண்டும்? அடிவாரத்துக்கு வரும்போது டாங்கி நிறைந்து மூடி வழியே வழியும். பங்க்கில் இருக்கும் பையன்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"எஞ்சினை அணைச்சா பிரேக்கு சூடாயிரும். அப்படி ஒரு நாளும் எறங்கினதில்லை," என்றாள் குப்பாயி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

இரண்டாவது, காட்டெருமை. மாரமங்கலம் ரோட்டில் ஒருநாள் பனிக்குள் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் தபதபவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு காட்டெருமை, ஆறடி உயரம், கன்றுக்குட்டி மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறது. எங்கள் வண்டியின் சத்தம் அதற்குத் தன் இனத்தின் சத்தமாகப் பட்டிருக்கிறது. வீடு வரை வந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேலிக்கு வெளியே வந்து நிற்கும். நான் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன். அது பெருமூச்சு விட்டுவிட்டுப் போகும். ஒரு தடவை சைலென்ஸரை மாற்றினோம். குரல் மாறிவிட்டது. அந்தத் துக்கத்தில்தான் அது குப்பாயியின் பீன்ஸ் கொடி முழுவதையும் தின்றது.

"பீன்ஸைத் தின்னது பக்கத்து ஊட்டு மாடுங்க."

"நீ பார்த்தியா?"

"நீங்கதான் அவுத்து உட்டீங்க."

மூன்றாவதை நான் சொல்லத் தொடங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. லாசரும் வந்துவிட்டான். கயிறு, பலகை, ஸ்பேனர் எல்லாம் ஜீப்பில் இருந்தன. கறுப்பு வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, புது வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் டாங்கியில் சாயம் போன இடங்கள் தெரிந்தன. இரண்டு முழங்கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்கள். குப்பாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் எனக்கு வழி பிறந்தது.

"உத்தரவு கேட்டாச்சா?" என்றேன்.

"யாருகிட்டங்கண்ணா?" என்றான் லாசர்.

"வண்டிகிட்ட."

எங்கள் பக்கத்துக் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடா வெட்டுவதற்கு முன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குத் துளுக்குவது என்று பெயர். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். மூன்று தடவை ஊற்றியும் துளுக்காவிட்டால் கிடாவை அவிழ்த்து விட்டுவிட வேண்டும். அப்புறம் அதை யாரும் தொடக் கூடாது.

"பத்து மாசம் வளர்த்த கிடாகிட்டயே உத்தரவு கேக்கறோம். இத்தனை வருசம் சோறு போட்ட வண்டிகிட்டக் கேக்காம வெட்டறதா?" என்றேன். இரும்பு வண்டி எங்கே துளுக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் முகத்தை நான் கோயில் பூசாரி மாதிரி வைத்துக்கொண்டேன். குப்பாயிக்கு வழக்கம் என்றால் வழக்கம். மறுபேச்சில்லாமல் உள்ளே போய் ஒரு குண்டா நிறைய மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் செம்பை நான் ஊற்றினேன். சீட்டில் விழுந்து, சங்கிலி வழியாக ஒழுகி, மண்ணில் இறங்கியது. வண்டி அசையவில்லை.

"பாத்துக்க," என்றேன்.

லாசர் தாடையைச் சொறிந்தான். "ஏனுங்கண்ணா, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், உங்க கோயில் முறை எனக்குத் தெரியாதுங்க. ஆனா தூங்கற கிடாகிட்ட உத்தரவு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"வண்டி இப்பத் தூங்குதுங்களே. எழுப்பி உட்டுக் கேளுங்க."

என் வாழ்நாளில் எனக்கு எதிராக யாரும் இவ்வளவு நியாயமாகப் பேசியதில்லை. குப்பாயியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். எனக்கு முட்டி பிடித்துக்கொண்டதாகச் சொல்லிக் கல்லில் உட்கார்ந்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விட்டாள் ஒரு உதை. வண்டி எழுந்துவிட்டது.

அது எழுந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஹேண்டில் ஒரு பக்கம் ஆடும், மட்கார்டு ஒரு பக்கம் ஆடும், நம்பர் பலகையைப் படிக்க முடியாது. ஒருமுறை அது நின்று உறுமியதில் பலாமரத்திலிருந்து பழங்கள் உதிர்ந்தன. அப்போது பலா சீசனும் இல்லை.

"துளுக்குது! துளுக்குது!" என்று லாசர் குதித்தான்.

"ஊத்தறதுக்கு முந்தித் துளுக்கினா செல்லாது," என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. உள்ளுக்குள் எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. ஆடிக்கொண்டிருக்கிற வண்டிமேல் தண்ணீர் ஊற்றினால் அது ஆடிக்கொண்டுதானே இருக்கும்? கறுப்பு வண்டியின் ஆயுள் ஒரு செம்புத் தண்ணீரில் நின்றது. அந்தச் செம்பும் என் கையிலேயே இருந்தது. குப்பாயி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

அவள் மெதுவாக, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல, டாங்கியின் மேல் ஊற்றினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து எஞ்சினுக்குள் இறங்கியது. உஸ் என்று ஆவி வந்தது. வண்டி ஒருதரம் இருமியது.

அடுத்த நொடி, கல்மாதிரி நின்றுவிட்டது. ஒரு துரும்பு ஆடவில்லை. பனி இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

"பிளக்குல தண்ணி பூந்திருச்சுங்கக்கா," என்றான் லாசர்.

"எதுல பூந்தா என்ன? துளுக்குச்சா?" என்றாள் குப்பாயி.

"இல்லீங்க. ஆனா இன்னொரு செம்பு இருக்குதுங்களே."

வழக்கப்படி இருந்தது. குப்பாயி திரும்பவும் உதைத்தாள். வண்டி எழவில்லை. மாற்றி மாற்றி உதைத்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. மஞ்சள் தண்ணீரும் புகையும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், எனக்கும் ஆகியிருந்தது. கடைசிச் செம்பை அவளே ஊற்றினாள். கொஞ்சம் வேகமாக ஊற்றிவிட்டாள். சீட்டில் பட்டுத் தெறித்த தண்ணீர் பக்கத்தில் நின்ற புது வண்டியின் மேல் போய் விழுந்தது.

கறுப்பு வண்டி அசையவில்லை. சிவப்பு வண்டி துளுக்கியது.

சாதாரணத் துளுக்கா அது! நாலு விளக்கும் மின்ன, திருட்டு அலாரம் ஊரையே கூப்பிட, சைடு ஸ்டாண்டின் மேல் தலையிலிருந்து வால்வரை நடுங்கியது. எங்கள் கோயிலில் எந்தக் கிடாவும் அவ்வளவு சந்தோஷமாகத் துளுக்கி நான் பார்த்ததில்லை.

லாசர் முகம் மலர்ந்துபோனான். "அக்கா, உத்தரவு கெடைச்சிருச்சுங்க! முறைன்னா முறைதானுங்களே." ஜீப்பிலிருந்து பலகையை இறக்கவே ஆரம்பித்துவிட்டான்.

"கையை எடு லாசரு. அலாரத்துக்கெல்லாம் துளுக்குன்னு பேரு இல்லை," என்றாள் குப்பாயி.

எங்கள் வழக்கத்தில் அப்படி ஒரு விதி அதுவரை இல்லை. அன்றிலிருந்து இருக்கிறது.

அவள் முந்தானையால் கறுப்பு வண்டியின் டாங்கியைத் துடைத்தாள். சாயம் போன இரண்டு இடத்தையும் கூடுதலாகத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "மூணு செம்பு ஊத்தியாச்சு. வேண்டாம்னிருச்சு. இனி இதைப் பிரிக்கக் கூடாது."

"அப்ப என் மெஷினுங்கக்கா? பழம் பழுத்து நிக்குதுங்களே."

குப்பாயி வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினாள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி நின்றது. அதைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "இதுல ஒரு பெல்ட்டு மாட்டினா உன்ற மெஷின் சுத்தாதா? மெஷினை இங்க கொண்டா. எங்க பழத்தையும் சேத்து உரிச்சுக் குடு."

லாசர் சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "சுத்துமுங்க," என்றான் கடைசியில், கொஞ்சம் வருத்தத்தோடு.

அப்படியே நடந்தது. அந்தக் கார்த்திகையும் மார்கழியும் கறுப்பு வண்டி எங்கள் வாசலில் நின்ற இடத்திலேயே ஓடியது. செம்மநத்தம் பழமும் எங்கள் பழமும் தோல் உரிந்தன. மெஷினுக்கு வேலை இல்லாதபோதும் வண்டி சில நாள் தானாக ஓடிப் பார்த்துக்கொள்ளும். சாயங்காலங்களில் வேலிக்கு வெளியே யாரோ பெருமூச்சு விடுவதும் கேட்கிறது. நான் எட்டிப் பார்ப்பதில்லை, வெட்கப்படும்.

கொட்டகையில் இப்போது இரண்டு வண்டிகளும் நிற்கின்றன. என் கட்டில்தான் வெளியே வந்தது. சமையலறையில் மிளகு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே போட்டுக் கொடுத்திருக்கிறாள். தும்மிக்கொண்டே தூங்கப் பழகிவிட்டேன். "பழசு ரெண்டுல ஒண்ணு போகோணும்னு சொன்னேனே," என்கிறாள் குப்பாயி. கொட்டகையிலிருந்துதானே போனேன், வீட்டிலிருந்து இல்லையே. என்மேலும் மூன்று செம்பு ஊற்றிப் பார்த்திருப்பாள், நான்தான் குளிக்கும்போதுகூட அசையாமல் நிற்கிறேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அன்று கறுப்பை, இன்று இரண்டையும் ஓட்டுவது குப்பாயி.