தம்பையாவின் நூற்று நாற்பத்திரண்டு இறாத்தல்

சல்லிக் கடற்கரையைச் சேர்ந்த தம்பையா, 1956 ஆகஸ்ட் பதினோராம் திகதி காலையிலிருந்து நூற்று நாற்பத்திரண்டு இறாத்தல் நிறையில் நின்றுவிட்டார். அதன் பிறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் அதுதான், ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்து எழும்பி ஏறினாலும் அதுதான். வைத்தியரின் தராசிலும் மீன் வாடித் தராசிலும் பார்த்தபின், அரிசிக் கடைக்காரர் ஓர் அந்தர், அதாவது நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல், மூட்டையை அவர் தோளில் ஏற்றித் தன் தராசில் நிற்கவைத்தார். முள் அசையவில்லை. கடைக்காரர் மூட்டையை இறக்கித் தனியே நிறுத்து, அரிசியில் குறைவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அது ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்திட்ட நிறை. அந்த ஆண்டு துறைமுகத்தில் சரக்கு ஏற்றியிறக்கிய ஒரு கம்பனி தன் குத்துச்சண்டை அணிக்கு ஓர் ஆளைத் தேடியது. வெல்பவனுக்கு நிரந்தர வேலை. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் தம்பையா, நூற்று ஐம்பத்துநான்கு இறாத்தல், வலை இழுத்து இறுகிய உடம்பு. மற்றவர் கிண்ணியா அஸீம், மெலிந்தவர், கால் வேகமானவர். இருவரும் ஒரே நிறை வகுப்பில் அடங்காததால், இடையில் ஒரு நிறையைப் பேசித் தீர்மானிக்கச் சொன்னார்கள். அஸீமுக்காகப் பேச வந்தவர் அவருடைய மனைவி றுக்கியாவின் மூத்த சகோதரர் ஸஹாப்தீன், துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். தம்பையாவுக்காகத் தம்பையாதான் பேசினார். மச்சான் நூற்று முப்பது இறாத்தல் என்று ஸஹாப்தீன் சொன்னார். உண்மையில் அஸீம் நூற்று முப்பத்தாறு. றுக்கியா இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள், வீட்டில் உழைப்பில்லை. அந்த ஆறு இறாத்தலை மறைக்கும்போது ஸஹாப்தீனின் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

“நடுவிலை சந்திப்பம் தம்பி. நூற்று நாற்பத்திரண்டு. ரெண்டு பேருக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. நியாயந்தானே?”

தம்பையா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். “ஓம் நானா. நீங்கள் சொன்னால் சரி” என்று கையெழுத்து வைத்தார்.

ஒன்பது இறாத்தல் இரண்டு கிழமை ஓட்டத்தில் இறங்கியது. மிச்ச மூன்றும் இறங்க மறுத்தன. பொய் இல்லாதிருந்தால் நடுநிறை நூற்று நாற்பத்தைந்து. அந்த மூன்றையும் இறக்கவேண்டியே இருந்திராது. கடைசி நாள் அவர் படகின் பாய்ச்சீலையைச் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் மணலில் இருந்தார். உடம்பில் நீர் குறைய, வாயில் புளியை அடக்கி எச்சிலைத் துப்பினார். புதிதாகக் கல்யாணம் கட்டி வந்திருந்த கோணேஸ்வரி தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் இருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலை தராசில் முள் நூற்று நாற்பத்திரண்டில் வந்து நின்றது. பின்னேரம் நான்காம் சுற்றில் அவர் விழுந்தார். வேலை அஸீமுக்குக் கிடைத்தது.

நிறை திரும்பி வராததை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகுதான், அவர் கையில் எடுக்கும் எதற்கும் அவருக்குப் பாரம் தெரியவில்லை என்பது வெளிவந்தது. நங்கூரத்தை ஒரு கையால் தூக்கி நடந்தார். நிலாவெளியிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து, வீட்டுக் கூரை வளை ஏற்றவும் சேற்றில் புதைந்த வண்டியைத் தூக்கவும் அவரை அழைத்துப் போனார்கள். இவ்வளவு பலம் உள்ளவன் எப்படித் தோற்றான் என்று சிலர் கேட்டார்கள். அது பலம் இல்லை என்று அவர் பதில் சொன்னார். 1961இல் மகள் வள்ளிநாயகி பிறந்தாள். மருத்துவிச்சி பிள்ளையைக் கையில் கொடுத்தபோது தம்பையா வெறுங்கையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். பிள்ளை அங்கேதான் இருந்தது, சூடும் தெரிந்தது, பாரம் மட்டும் இல்லை. அதன் பின் அவர் அவளைத் தூக்குவதைக் குறைத்து, ஒரு நாள் விட்டேவிட்டார். அப்பாவுக்குத் தன்னில் விருப்பமில்லை என்று நினைத்தபடியே அவள் வளர்ந்தாள்.

ஸஹாப்தீனுக்கு இந்தக் கதை முதல் வருடமே எட்டியது. போகவேண்டும் என்று நினைத்தார். அஸீமின் வேலை போய்விடுமோ என்று பயந்தார். அஸீம் வேலையில் உயர்ந்தார், பிள்ளைகள் படித்தார்கள், பயத்துக்குக் காரணம் தேய்ந்து இல்லாமலே போனது, அப்போதும் அவர் போகவில்லை. இருபத்தைந்து வருடம் அப்படியே கழிந்தது. 1981இல், ஓய்வுபெற்று, மனைவியையும் அடக்கம் செய்தபின், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பாதைப்படகில் கிண்ணியாத் துறையைக் கடந்து சல்லிக்குப் போய்ச் சேர்ந்தார். கோணேஸ்வரி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல், நூற்று முப்பதையும் நூற்று முப்பத்தாறையும் சொல்லி முடித்தார்.

கோணேஸ்வரிதான் முதலில் பேசினாள். “உங்களுக்கு அது மூண்டு இறாத்தல். இந்த மனுசன் பெத்த பிள்ளையைத் தூக்கி வைச்சுக்கொண்டு, கையிலை இருக்குதோ எண்டு குனிஞ்சு குனிஞ்சு பாத்தது எனக்கெல்லோ தெரியும்.”

உள்ளே தன் பெண்குழந்தையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த வள்ளிநாயகியின் கை நின்றது. அவள் வாசலுக்கு வந்து தகப்பனைப் பார்த்தாள்.

தம்பையா கோபப்படவில்லை. “அண்டைக்கே தெரியும் நானா. அஸீம் தராசிலை ஏறேக்கை பாத்தனான், நூற்று முப்பத்தாறு. ரெண்டு கிழமையிலை ஆறு இறாத்தல் ஏறாது. கேட்டிருந்தால் சண்டையை நிப்பாட்டியிருப்பாங்கள். எனக்கும் அந்த வேலை வேணும், அதுதான் வாயைத் திறக்கேல்லை.”

ஸஹாப்தீன் புதிதாக ஒரு கடதாசி எழுதலாம், பழைய நிறை செல்லாது என்று இருவரும் கையெழுத்து வைக்கலாம் என்றார். வைத்தார்கள். தம்பையா ஓர் அம்மிக்கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒன்றும் மாறவில்லை. வேறு என்ன செய்யவேண்டும், எதுவானாலும் செய்கிறேன் என்று ஸஹாப்தீன் கேட்டார். தம்பையா அம்மிக்கல்லைக் கீழே வைத்தார். பிறகு மகளிடம், அவளுடைய நாற்பது நாள் பிள்ளையை ஸஹாப்தீனின் கையில் கொடுக்கச் சொன்னார்.

“எப்பிடி இருக்குது எண்டு சொல்லுங்கோ.”

“ஒரு எட்டு இறாத்தல் வரும்.”

“இலக்கம் வேண்டாம் நானா.”

ஸஹாப்தீன் கண்ணை மூடினார். தலைப் பக்கம் கூடப் பாரம், முழங்கையின் மடிப்பில் வந்து கிடக்கிறது என்றார். மூச்சு விடும்போது ஏறி இறங்குகிறது என்றார். இப்போது நித்திரையாகிறாள், ஆக ஆகப் பாரம் கூடுகிறது, கை உளைகிறது, ஆனால் இறக்க மனமில்லை என்றார். தம்பையா முன்னால் நின்று, வெறுங்கைகளைத் தொட்டில்போல மடித்து வைத்துக்கொண்டு கேட்டார். வள்ளிநாயகி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஸஹாப்தீன் சல்லிக்கு வந்தார். முதலில் ஆட்கள் கூடிப் பார்த்தார்கள், பிறகு வலையின் கிழிசல் பொத்தும் வேலையை அதற்காக யாரும் நிறுத்தவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கியபின்னும், இடுப்பு வலியோடு அவர் அவளைத் தூக்கினார். போன கிழமையை விடக் கூடவோ என்று தம்பையா கேட்பார். ஓம், கூட என்று ஸஹாப்தீன் சொல்லுவார்.