மூலைமட்டத்தைத் தொட்டவள்

என் கை பட்டதால் பீரோக் கதவு கோணிப்போனதாம்! கேட்டீர்களா இந்த அநியாயத்தை?

அடி, அங்குலத்தை விட்டு மீட்டருக்கு மாறச் சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. திண்டுக்கல்லில் எங்கள் தச்சுப் பட்டறையில் ஜெய்தூன் பீவியம்மா மகள் நர்கீஸின் கல்யாணத்துக்குப் பீரோ செய்தோம். என் வீட்டுக்காரர் கருப்பணனும் கொழுந்தன் சோலைமுத்தும் அளந்து அறுப்பார்கள். உப்புத்தாள் பிடித்து விரல் தேயத் தேய்ப்பவள் நான். ஆனால் அளவுகோலையும், மூலை நேராகப் பிடிக்கும் மூலைமட்டத்தையும் மட்டும் பொம்பளை தொடக்கூடாதாம்.

அன்று மழை. வாசலில் நனைந்து கிடந்த மூலைமட்டத்தை எடுத்து உள்ளே வைத்தேன். மறுநாள் அதை வைத்துக் கோடு போட்டு அறுத்த கதவு மேலே இடித்தது, கீழே இளித்தது.

"மதினி மட்டத்தைத் தொட்டுட்டாக. பெறகு எப்படி வெளங்கும்?" என்றான் சோலைமுத்து.

என் வீட்டுக்காரர் அதை அப்படியே பீவியம்மாவிடம் போய் ஒப்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் நான் ஆகாத கைக்காரி, தொட்டது விளங்காது என்று பேச்சாகிவிட்டது. நர்கீஸுக்கு நான் கொண்டுபோன பூவைக்கூட யாரும் வாங்கவில்லை.

பீவியம்மா பீரோவைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தார். அவர் கண்ணெதிரே மூலைமட்டத்தை எடுத்தேன்.

"ஏய், கீழ வையி!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"அதான் ஏற்கெனவே தொட்டுட்டேன்ல? இன்னும் என்ன கெடப் போகுது?"

பலகை ஓரத்தில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டேன். திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. புது மட்டம் வாங்கும்போது என் வீட்டுக்காரர் சோதிக்கிற விதம்தான். மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். கவட்டை மாதிரி விரிந்தன. மட்டத்தின் தகட்டு நுனியில் வார்னிஷ் காய்ந்து ஒட்டியிருந்தது.

"வார்னிஷ் டப்பா மூடிய இத வச்சு நெம்புனது யாரு?"

சோலைமுத்து வார்னிஷ் டப்பாவைக் காலால் பலகைக்குப் பின்னால் தள்ளினான்.

"சரி, விடு வள்ளி. தட்டி நேராக்கிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னத்த விட? பீவியம்மாகிட்ட எம்பேரச் சொன்ன வாயாலேயே இப்ப உங்க தம்பி பேரச் சொல்லுங்க."

அவர் பீவியம்மா பக்கம் திரும்பினார். "பழைய மட்டம்மா. தேஞ்சு போச்சு."

அடேயப்பா! பெண்டாட்டி என்றால் பேர் சொல்லத் தெரிந்தது. தம்பி என்றதும் மட்டத்துக்கு வயசாகிவிட்டது!

பீரோ இன்னும் பாதி சொரசொரப்பாகத்தான் நின்றது. உப்புத்தாளை என் வீட்டுக்காரர் மடியில் போட்டேன்.

"ஆகாத கைதானே? மிச்சத்த நீங்களே தேயிங்க."