கருங்காலிக்குக் கோஷம்

மூடிக் கிடந்த பாட்டில் ஃபாக்டரியின் கேட்டை நான்கு வருஷம் கழித்துத் திறந்தது ஒரு சினிமாக் கம்பெனி. அங்கே நடந்த வேலைநிறுத்தத்தைப் படமாக எடுக்கப் போவதாகவும், சினிமாவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் பழைய தொழிலாளிகளையே நடிக்க வைக்கப் போவதாகவும் டைரக்டர் சொன்னார். நாள் கூலியும் மதியச் சாப்பாடும் உண்டு என்றதும் நூற்றுப்பத்துப் பேர் பதிந்துகொண்டார்கள். செத்தாலும் அந்த கேட்டை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

விசிலக்காவும் வந்தாள். இருபத்திரண்டு வருஷம் விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடி வரும் பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எறிந்தவள். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி, டிரம்மில் ஏறிப் பேசியவள் அவள்தான்; போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பினால் முதல் விசில் அவளுடையதுதான். பேர் அப்படி வந்தது. டைரக்டர் மூன்று நாள் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் பதிவு செய்துகொண்டு போயிருந்தார். அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்த தம்பியைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

தம்பி உலையில் வேலை பார்த்தவன். வேலைநிறுத்தத்தின் நாற்பத்தோராம் நாள், மூடிய வேனில் ஃபாக்டரிக்குள் போன முப்பது பேரில் அவனும் ஒருவன். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று உறவுக்காரர்கள் சமாதானம் பேச வந்தபோது, "என் சதை ஆடல, வேணும்னா வெட்டிப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டாள். எழுபத்திரண்டாம் நாள் முதலாளி உலையை அணைத்து, மெஷின்களை விற்றுவிட்டார். உள்ளே போனவனும் வெளியே நின்றவனும் ஒரே தெருவுக்கு வந்தார்கள். அந்த முப்பது பேர் மட்டும் போகாமல் இருந்திருந்தால் முதலாளி ஒரே வாரத்தில் இறங்கி வந்திருப்பார் என்பதுதான் இன்றைக்கும் எல்லோருடைய பேச்சும்.

முதல் நாள் ஷூட்டிங்கில் முற்றத்தின் நடுவே ஒரு நீல டிரம்மைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தலைவர் அதில் ஏறிப் பேசி முடித்ததும் எல்லோரும் கோஷம் போட வேண்டும் என்று அசிஸ்டென்ட் மைக்கில் சொன்னான். தன்னைப் போல நடிக்க எந்தப் பெண் வரப்போகிறாள் என்று பார்க்க விசிலக்கா முன்வரிசைக்கு நகர்ந்தாள். டிரம்மில் ஏறியவன் அவள் தம்பி.

டைரக்டர் ஓடி வந்து சமாதானம் சொன்னார். தலைவரை ஆண் பாத்திரமாக மாற்றிவிட்டார்களாம்; போன வாரம் ஆள் தேர்வுக்கு வந்தவர்களிலேயே இவர் முகத்தில்தான் அத்தனை வலி இருந்ததாம். உள்ளே போனவன் என்பது அவருக்குத் தெரியாது. கேமரா ஓடியது. தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் அன்று சொன்னதைச் சொன்னான்.

"உலைய அணைச்சா மறுபடி சூடேத்தப் பதினஞ்சு நாள் ஆகும்னு முதலாளி அழறார். நம்ம வீட்டு அடுப்பு அணைஞ்சு நாப்பது நாளாச்சு. அதுக்கு யார் அழறது?"

நூற்றுப்பத்துப் பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட் சொல்லி, மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதேதான். கூலி போதவில்லை போலும் என்று நினைத்த டைரக்டர் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொன்னார். ஃபாக்டரி ஓடிய காலத்தில் மெஷின்களுக்கு எண்ணெய் போட்ட ஆயில்காரர் காறித் துப்பிவிட்டு, கருங்காலிக்குக் கோஷம் போடுகிற கூலி இன்னும் எவனும் நிர்ணயிக்கவில்லை என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்புதான் தம்பியைக் குத்தியிருக்க வேண்டும். நான்கு வருஷத்தில் முதன்முறையாக அவன் அக்காவைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, நான் உள்ள போன அன்னைலேர்ந்து உன் வீட்டு அடுப்பு எப்படி எரிஞ்சுதுன்னு மாமாவக் கேளு. என்னைப் போகச் சொன்னதே அவருதான். என் சம்பளத்துல பாதி மாடிக்குத்தான் வந்துச்சு."

அவள் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள்.

புருஷன் வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும் மறுக்கவில்லை, குழாயை மட்டும் நிறுத்தினார். ஒரு குடும்பத்தில் ரெண்டு பேரும் வெளியே நின்றால் கூண்டோடு கைலாசம்தான். அவளை யாராலும் அசைக்க முடியாது, அதனால் மச்சினனைக் கேட்டதாகச் சொன்னார். வெளியே சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியதும் அவர்தான்.

"எக்ஸ்ட்ரா லோடு கெடச்சுதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்ப என் வண்டி ஏத்தினதே இந்த ஃபாக்டரி பாட்டில்தான். ஸ்ட்ரைக் நடக்கறப்ப எங்கேர்ந்து லோடு வரும்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். பசித்தது, தட்டில் இருந்தது, சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் போனபோது கூட்டம் வழி விட்டு விலகியது, மரியாதையால் அல்ல. நீயும் தின்றவள்தானா என்று யாரோ முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். அவள் நேரே தம்பி ஏறி நின்ற டிரம்மிடம் போய் நின்றாள்.

"தின்னேன். தெரியாமத் தின்னேன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். ஆனா கேட்டுக்குள்ள போன கால் உன்னோடது. போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"பட்டினி கெடப்போம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. என் புள்ளைங்க பட்டினியையும் நீயே முடிவு பண்ணியிருப்பே."

"எறங்கு."

"மாட்டேன். நாலு வருஷமா உங்க அத்தனை பேர் கால்லயும் மிதிபட்டாச்சு. இன்னைக்கு மேலதான் நிப்பேன்."

அவள் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் டிரம்மோடு சாய்ந்து, விழாமல் சமாளித்து நின்றுகொண்டான். அசிஸ்டென்ட்கள் இரண்டு பேர் அவளை விலக்கிக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். டைரக்டர் கோஷத்துக்காக மேற்கொண்டு மெனக்கெடவில்லை. முதல் நாள் எடுத்த ஊமைக் கூட்டத்தையே படத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் படம் பார்த்தவர்கள் அதைத் தொழிலாளிகளின் சோகம் என்று சொன்னார்களாம். அது சோகமில்லை என்று நூற்றுப்பத்துப் பேருக்குத் தெரியும்.

அந்த மாதமே தம்பி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான். புருஷனுக்கு அவள் சமைத்தாள், துவைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் கூட்டம். உள்ளே போன முப்பது பேரின் பெயர்களை அங்கே ஒரு கரும்பலகையில் பெயின்ட்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். யாரும் அழித்துவிடக் கூடாது என்று அன்றைக்குப் பெயின்ட் வாங்கி வந்தவள் அவளே. கூட்டம் தொடங்குவதற்கு முன் அவள் எழுந்து போய், முப்பதுக்குக் கீழே சாக்பீஸால் புருஷன் பெயரை எழுதினாள். அவர் ஃபாக்டரி ஆளே இல்லையே என்று ஒருவர் முனகினார். உன் பெயரையும் எழுதேன் பார்க்கலாம் என்றார் ஆயில்காரர்.

அவள் சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க எழுதுங்க."

வாங்க மாட்டார், அல்லது வாங்கிவிட்டுக் கீழே வைத்துவிடுவார் என்று சிலர் நினைத்தார்கள். அவளும் அவரும் இருபது வருஷம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். ஆயில்காரர் எழுந்தார், அவள் பெயரை எழுதினார், சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒருவரும் தடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் அவள் வந்தாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள். பலகைக்கு நேர் எதிரே உட்கார்வாள். இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகவே இருக்கும்.