தசராவுக்கு முன், தீபாவளிக்குப் பின்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புனே கேம்ப்பில், ஒரு கணினிக் கடையில். இரண்டாயிரமாவது ஆண்டு, மழை ஓயும் சமயம். நான் கீபோர்டு வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும், கணினியின் மூளையான ப்ராசஸர் வாங்குவது பற்றித் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு இப்போதே வேண்டும். கணவருக்குப் பொறுத்து வாங்க வேண்டும். கீபோர்டு கைக்கு வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். அதனால் என்ன முடிவாயிற்று என்று எனக்குத் தெரியாது. மீதியை நானே செய்கிறேன், உங்கள் கண் முன்னால்.

2

முதல் தொடக்கம்: "விஷ்ராந்த்வாடியின் மேல் மேகங்கள் கவிந்திருந்த ஒரு"

வேண்டாம். இந்தக் கதையில் மேகத்துக்கு வேலை இல்லை.

இரண்டாவது: தசராவுக்குள் ருக்மிணி ஒரு கட்டடத்தை முடித்தாக வேண்டும், அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது.

இது நிற்கும். விளக்குகிறேன். ருக்மிணி (பெயர் நான் வைத்தது) ஓர் அலுவலகத்தில் அடுத்தவர் போட்ட கட்டட வரைபடங்களைத் திருத்துகிறவர். ஊர் ஓரத்தில், கராடியில் அடுக்குமாடி எழுப்பப்போகும் பில்டர் ஒருவர், கட்டும் முன்பே அதற்குள் நடந்து பார்ப்பது போல் ஒரு படம் கேட்டிருக்கிறார். தசரா பூஜையன்று அது திரையில் ஓட வேண்டும். பிடித்துவிட்டால் அவருடைய மற்றக் கட்டடங்களும் ருக்மிணிக்கே. அலுவலகத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கலாம். தாமதமானால் வேறு ஆள். "தசரா ம்ஹண்ஜே தசரா" என்று மராத்தியில் முடித்துவிட்டார் பில்டர். தசரா என்றால் தசராதான்.

வீட்டுக் கணினியால் அதற்குள் முடியாது. ஏன் என்று பாருங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ப்ராசஸர் நின்று விசாரிக்கிறது: இங்கே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, வழியில் எது மறிக்கிறது? புள்ளி ஜன்னல் கண்ணாடியில் இருந்தால், கண்ணாடியில் தெரியும் மரத்துக்கும் அதே கேள்வி. மரம் என்றால் இலை இலையாக. எனக்கு இது அலுக்காத அதிசயம். ஆனால் ஒரு நொடி ஓடும் படத்துக்கு இருபத்தைந்து தனிப் படங்கள் வேண்டும். ருக்மிணியின் பழைய ப்ராசஸர் ஒவ்வொன்றுக்கும் தலையைச் சொறிகிறது.*

* புனேயில் வியாழக்கிழமைதோறும் வரும் மின்வெட்டை வைத்துப் பரபரப்பாக ஒரு காட்சி எழுதினேன். அடித்துவிட்டேன். ருக்மிணி ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சேமிக்கிறவர். கரண்ட் போனால் போவது ஒரே ஒரு படம். கெட்டிக்காரக் கதாபாத்திரத்தோடு இதுதான் தொல்லை.

3

கணவர் சங்கரன். முதல் வரைவில் இவரைக் கஞ்சனாக்கியிருந்தேன். அது சோம்பேறித்தனம். இவர் கஞ்சன் இல்லை. ஸ்கூட்டருக்குக் காத்திருந்தவர்.

ராணுவத் தளவாடம் செய்யும் கட்கி ஆர்ட்னன்ஸ் பேக்டரியில் ஃபிட்டர். இளவயதில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார். இதே ஊரில் செய்யும் ஸ்கூட்டர். லாரி லாரியாக அவர் கண் முன்னாலேயே வெளியூர் போகும். அவர் முறை வர வருஷக்கணக்காயிற்று. வந்த அன்றே அதை அதிக விலைக்குக் கேட்டு வாசலில் ஆள் நின்றது. பொறுத்தவனுக்கு நஷ்டமில்லை என்று அன்று முடிவு செய்தார்.

ஸ்கூட்டருக்கு அது சரி. நீங்கள் வரிசையில் நகர்வீர்கள், வரிசையின் முனையில் இருக்கும் வண்டி அப்படியே இருக்கும். ப்ராசஸர் வரிசையில் நீங்கள் ஓர் அடி வைத்தால் முனையில் இருப்பதும் ஓர் அடி தள்ளிப்போகிறது. சங்கரன் சரியான பாடத்தைத் தவறான பொருளுக்குப் பொருத்துகிறார். (மனிதர் இப்போது எனக்குப் பிடித்துப்போய்விட்டார். கதைக்கு இது நல்லதா தெரியவில்லை.)

4

கடைக்காரர் இர்ஃபான், தமிழ் பேசுகிறவர். கல்லாவின் மேல் புதிய ப்ராசஸர், அதைப் பொருத்துவதற்கான புதிய மதர்போர்டு. பழைய போர்டில் இது உட்காராது.

"தீபாவளிக்கு அப்புறம் விலை இறங்கும்னு நீதானேப்பா சொன்ன?" என்றார் சங்கரன்.

"ஆமாண்ணே. புதுசு வருது, இது இறங்கும்."

"அப்ப தீபாவளி கழிச்சு வர்றோம்."

"வாங்க. அப்ப அதுக்கும் அடுத்தது வரப்போகுதுன்னு பேச்சு இருக்கும். நீங்க அதுக்கும் பொறுப்பீங்க. நான் உங்களுக்கு சாய் வாங்கிக் குடுத்துட்டே இருக்கேன்."

"கிண்டலு."

"உள்ளதைச் சொன்னேண்ணே."

சங்கரன் மனைவியின் பக்கம் திரும்பினார். "ருக்கு, அந்த மரத்து நெழலை எல்லாம் எடுத்துட்டா பழசுலயே முடிஞ்சிரும்ல?"

(முடிந்துவிடும். உண்மை.)

"முடியும். ஆனா நெழல் இல்லாட்டி அது வீடு இல்லீங்க, அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டி செய்ய ஊர்ல நெறைய பேரு இருக்காங்க."

இந்த இடத்தில் ருக்மிணி கண்கலங்குவதாகக் குறித்து வைத்திருந்தேன். அவர் கலங்கவில்லை, கேள்வி கேட்டார்.

"ஸ்கூட்டர் வர்ற வரைக்கும் பேக்டரிக்கு எதுல போனீங்க?"

"பஸ்லதான்."

"லேட்டாச்சா?"

"ஒரு நாள்கூட இல்ல." பெருமையாகவே சொன்னார்.

"பஸ்ஸு ஓடுச்சு, பொறுத்தீங்க. எனக்கு இப்ப எந்த பஸ்ஸு ஓடுது?"

5

முடிவுகள்.

அ) வாங்குகிறார்கள். படம் தசராவுக்கு ஓடுகிறது. தீபாவளிக்குப் பின் விலை இறங்கி, சங்கரன் அந்த விளம்பரத்தை ஞாயிறுதோறும் உரக்கப் படிக்கிறார்.

ஆ) பொறுக்கிறார்கள். மலிவாக, இன்னும் வேகமான ஒன்று வீட்டுக்கு வருகிறது. அதில் செய்வதற்கு ருக்மிணியிடம்

இதை முடிக்க எனக்கு மனமில்லை.

இ) இர்ஃபான் ஒரு சிறிய ட்யூபை எடுக்கிறார். உள்ளே வெள்ளைப் பசை. ப்ராசஸரும் அதைக் குளிர்விக்கும் உலோகத் துண்டும் பார்க்க வழவழப்பானவை. உண்மையில் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. இடையே காற்று தங்கினால் சூடு வெளியேறாது. பசை அந்தப் பள்ளங்களை நிரப்பும். தடவிவிட்டால் சரக்கைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

"தடவட்டுமா?" என்கிறார் இர்ஃபான், இருவரையும் பார்த்து.

ருக்மிணி கணவரைப் பார்க்கிறார். சங்கரன் கை நீட்டி ட்யூபை வாங்குகிறார், மூடியைத் திருகுகிறார், நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

"எவ்வளவுப்பா வைக்கணும்?"

ஒரு ஃபிட்டர் இப்படிக் கேட்டால் அது சம்மதமா, எதைக் கண்டாலும் வரும் ஆர்வமா? எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். ட்யூபை அவர் கையிலிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன்.

ஓர் அரிசி அளவு போதும். நடுவில் வையுங்கள். அழுத்தினால் தானே பரவிக்கொள்ளும்.