செம்பருத்திக்குப் பேச்சு எழுதியவள்

மன அமைதி தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அமைதியைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். பதினோரு பேர் ஒரே அறைக்குள் உட்கார்ந்து, ஒருவர் குரல்வளையை ஒருவர் கடிக்காத குறையாக, போனில் செடி வளர்க்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். விதை போடு, தண்ணீர் ஊற்று, இலையைத் தடவிக் கொடு, கவலையை மற. செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு.

நம்மவளுக்கு அங்கே செடிகள் பேசும் வசனத்தை எழுதுகிற வேலை. செடி பேசுமா என்று கேட்காதீர்கள். சம்பளம் கொடுத்தால் கல்லையும் பேச வைப்பாள். இரண்டு நாள் யாராவது எட்டிப் பார்க்காவிட்டால் செடி வாடி, "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று அழ வேண்டும் என்ற யோசனையும் அவளுடையதுதான். ஆட்கள் அலறியடித்துத் திரும்பி வந்தார்கள். மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

ஆப்பு அப்பா வீட்டில் காத்திருந்தது. தனியாக இருக்கும் அப்பாவுக்குக் கண்புரை. இனியும் தள்ளிப்போட்டால் ஒரு கண் போய்விடும் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். மனிதர் இரண்டு தடவை ஆபரேஷனுக்கு டிமிக்கி கொடுத்தார். மூன்றாவது தேதிக்கு முந்தின நாள் காலை அவளே நேரில் போய் நின்றாள்.

"ஏம்ப்பா, பயமா?"

"பயமாவது ஒண்ணாவது! ஒரு வாரம் போனைத் தொடக்கூடாதாம். என் செம்பருத்தி வாடிடும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கில் இடிக்கிற தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு அப்பா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜன்னலோரத் தொட்டியில் இருந்த நிஜச் செடி காய்ந்து விறகாகியிருந்தது.

அங்கிருந்தே மேனேஜரைக் கூப்பிட்டாள். "சார், எங்கப்பா செடி மட்டும் ஒரு வாரம் வாடாம இருக்கட்டும் சார். கண் ஆபரேஷன்."

மேனேஜர் உருகிப் போனார். "அடடா, செடிக்காகக் கண்ணையே விடறாரா? நம்ம விளம்பரத்துல பேசுவாரா, கேளுங்களேன்!"

நாசமாய்ப் போக என்று மனதுக்குள் வாழ்த்தி, போனை வைத்தாள். வேறு வழியில்லாமல் உண்மையை உடைத்தாள்.

"அப்பா, அது செடி பேசறது இல்ல. எல்லாம் நான் ஆபீஸ்ல உக்காந்து எழுதறது. வாட வைக்கறதும் நான்தான்."

அப்பா போனை இறக்கினார். "காலையில நல்லா தூங்கினீங்களான்னு கேக்குதே?"

"நான்தான்."

"உடம்பு தேவலையான்னு?"

"அதுவும் நான்தான்ப்பா."

"முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாரையும் கேக்கற?"

அவள் தலையாட்டினாள்.

"என்னைக் கேட்டு எத்தனை நாளாச்சு?"

அவளுக்கு முகம் செத்துவிட்டது. கடைசியாகப் பேசியது ஆபரேஷன் தேதியைக் கேட்க; அதற்கு முன்னால் எப்போது என்று அவளுக்கே ஞாபகமில்லை.

அப்பா போனை அவள் மடியில் போட்டார். "வாடினா வாடட்டும் சனியன். நாளைக்கு வரேன். ஆனா அந்த ஒரு வாரமும் நீ இங்கதான் இருக்கணும். அது கேட்டதையெல்லாம் நீ உன் வாயால கேளு."

ஊரில் உள்ள லட்சம் பேரை நலம் விசாரிக்கிறவள் வாயைத் திறந்தாள். செடிக்கு எழுதிய 'நல்லா தூங்கினீங்களா'வை அப்பா முகத்தைப் பார்த்துக் கேட்க வெட்கமாக இருந்தது. கடைசியில் கேட்டாள்:

"டாக்டர் எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?"