முன்கூடாரத்துப் புல்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரைச் சேர்ந்த வதனியும் கணவன் நிமலனும் கோடை விடுமுறைக்குக் கடற்கரை முகாமில் கரவன் என்ற வீட்டுவண்டியை நிறுத்தி, அதன் வாசலோடு முன்கூடாரம் அடித்து, உள்ளே புல்லின்மேல் விரிப்புப் போட்டிருந்தார்கள். மூடிக்கிடந்தால் புல் பட்டுப்போகும், தினமும் கொஞ்ச நேரம் விரிப்பை எடுத்துவிடுங்கள் என்று முகாம் பொறுப்பாளர் ஹன்னே கேட்டிருந்தார்.

வதனி ஒருநாளும் தவறவில்லை. விருந்தாளிகள் ஒன்பது பேர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும், "எல்லாரும் சாப்பாட்டுக் கோப்பையோட எழும்புங்கோ, புல்லுக்கு மூச்சு முட்டுது!" என்றாள்.

"பொறுமப்பா, சாப்பிட்டு முடிக்கட்டும்," என்றான் நிமலன்.

"ஏலாது." அவள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்கோ, மஞ்சளாகத் தொடங்கீட்டுது."

எல்லோரும் சிரித்தபடி வெளியே நின்று சாப்பிட்டார்கள்.

புறப்படும் நாளில், கூடாரத்தைக் கழற்றியதும், ஹன்னே வந்து பார்த்தார். கூடாரம் நின்ற அடையாளமே இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பச்சையில் நடந்தார்.

"அடுத்த கோடைக்கும் இந்த இடம் உங்களுக்குத்தான்!"

சந்தோஷம் தாங்காமல் வதனியும் செருப்பைக் கழற்றினாள்.