இன்னும் ஒரே ஒரு சின்னச் சாமான்

சசிதரன் கையில் ஒரு கேமராவுடன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்ததும் பெர்னதெத் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"பெர்னா, தீப்பெட்டி சைஸ்தான் லா. உள்ள வெச்சிடலாம்."

மலேசியாவில் ரெம்பாவ் ஊர்ப்பக்கத்துத் தோட்டம் ஒன்றில், முன்பு ரப்பர் தாள்களை உலர்த்திய புகைக்கூடம்தான் இப்போது அவர்களின் ஆய்வுக்கூடம். மின்னலை வானிலிருந்து கவனிக்கும் ஒரு குட்டிச் செயற்கைக்கோள் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி சசிதரனுடையது, செலவும் தேதியும் பெர்னதெத்தின் தலையில். தீப்பெட்டியளவு கேமரா வந்தாலும் பேட்டரி பெரிதாகும், எடை கூடும், எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இப்படியே இரண்டு ராக்கெட்டுகளைத் தவறவிட்டாயிற்று. மூன்றாவதும் போனால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. அன்று, "சரி, வெச்சுக்க," என்றாள். சசிதரனே ஒரு கணம் திகைத்தான்.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் டெக்னீஷியன் தேவனைக் கூப்பிட்டாள். ஒத்திகைக்காகச் செய்த செயற்கைக்கோளின் மாதிரிப் பெட்டி ஒன்று அலமாரியில் கிடந்தது. பார்வைக்கு அசலேதான். அதை மேசையில் வைத்துவிட்டு, அசலைப் பின்னறையில் பூட்டினார்கள்.

"மாட்டிக்கிட்டா நான் ஒண்ணும் பாக்கல அக்கா," என்றான் தேவன்.

சசிதரன் மேசைப் பெட்டியில் கேமராவை மாட்டினான். அடுத்து வேறொரு கருவி, அப்புறம் ஓர் ஆண்டெனா. பெர்னதெத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அசலோ தேவனின் வேனில் திருட்டுத்தனமாகப் போய், குலுக்கல் சோதனையையும் சூட்டுச் சோதனையையும் முடித்துத் திரும்பியது.

அனுப்பும் நாளன்று லாரி வந்து நின்றபோது அவள் சசிதரனின் மேசைக்குப் போனாள்.

"சசி, கோபப்படாத. போறது இது இல்ல."

"தெரியும்," என்றான், திருப்புளியைக் கீழே வைக்காமல். "பின்னாடி இருக்கறதுதான போகுது?"

"எப்பருந்து தெரியும்?"

"மொத நாளே. இதுல பேட்டரி எடத்துல மரக்கட்டை லா இருக்கு."

தேவன் கூரையைப் பார்த்தான்.

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"நீ எதுக்கெடுத்தாலும் சரி சரின்ன. அந்த மாதிரி நாளு எனக்கு மறுபடி வருமா?" பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தினான். "அசல் கண்ணு முன்னால இருந்தா என் கை சும்மா இருக்காது பெர்னா. நீ பூட்டுனது நல்லதுன்னு பட்டுச்சு."

திட்ட நினைத்தவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. மூவருமாக அசல் பெட்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

ராக்கெட் சொன்ன தேதியில் கிளம்பியது. சில வாரங்களில் முதல் மின்னல் திரையில் வெள்ளைப் புள்ளியாய்த் துடித்தது. தேவன் கைதட்டினான். சசிதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதையே கலர்ல எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

பெர்னதெத் தட்டிலிருந்த கறிபாப் பலகாரம் ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.